மின்னிசையில் இடனறிதல்

கலைகளுக்கெல்லாம் அளவே உயிர். உரையில் மிகை புகுந்தாற் பொருள் மயங்கும். இசையில் மிகை புகுந்தாற் பாட்டு மறையும். கணினியும் கீபோர்ட்டும் கொண்டு வீட்டறையிலேயே பாடல்களை ஆக்கும் வழக்கம் பரவியுள்ள இக்காலத்தில் இவ்வுண்மை மீண்டும் ஆராயத்தக்கது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களின் பாடல் மரபு சொல்லை முதன்மையாகக் கொண்டது. நாட்டார் கவி பக்கவாத்தியம் வேண்டாது தனிக்குரலில் எழுவது. பக்கீர் பைத்திற்குத் தோற்கருவி ஒன்றே துணை. அக்கருவியின் ஓரடிக்கும் மற்றோரடிக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் சொல் தெளிவு பெறுகின்றது. இத்தகைய பாட்டிற்குச் சிந்தசைசரால் இசையமைக்கப் புகுவோர் பலர் அவ்வெளியை நிரப்பவே விரைகின்றனர். நீண்டு நிற்கும் தந்தியோசை, அதன்மேற் குழலோசை, அதன்மேல் மணியோசை என அடுக்கு வளர்கின்றது. தனித்தனியே கேட்குங்கால் ஒவ்வொன்றும் இனிது. ஒருங்கே கேட்குங்கால் யாவும் கலங்கிய நீரே.

இக்கலக்கத்திற்குக் காரணம் செவியின் இயல்பு. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணரவல்லது. எனினும், அருகருகே அமைந்த ஒலிகளுள் வலியது மெலியதை மறைத்துவிடும். 440 அதிர்வுடைய சுரமும் 444 அதிர்வுடைய சுரமும் உடனொலித்தால் ஓசை செக்கனுக்கு 4 முறை ஏறியிறங்கும். இத்தகைய ஏற்ற இறக்கங்கள் விரைவுபடும்போது கரடுமுரடாகச் செவியை உறுத்தும் என்பதனை எல்ம்கோல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் 1863இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சுருதி சிறிதே பிரிந்த ஓசைகளை அடுக்குதல் சிந்தசைசருக்குச் செழுமை தருவது. அளவு கடந்தால் அதுவே குழப்பமாகின்றது. குரலின் கனம் பெரிதும் 200 முதல் 500 வரையான அதிர்வுகளில் உள்ளது. மெய்யொலிகளைப் பிரித்துணர்த்தும் கூறுகள் பல 2,000 முதல் 4,000 வரையில் நிற்பன. இவ்விரு பகுதிகளையும் மின்னோசை நிரப்பினால், பாடுவோர் குரல் கேட்கும். பாடிய சொல் கேளாது.

ஒலிச் சமன்செய் கருவியாற் சில அதிர்வுகளைக் குறைத்து இக்குறையைத் தீர்க்கலாம் என்பர் சிலர். அது துணையாகுமேயன்றி முதல் மருந்தாகாது. ஒரே சுரத்தை ஒரே தானத்தில் மூன்று ஓசைகள் வாசிக்குமாயின், ஒன்றை மேற்றானத்திற்கு ஏற்றுதல் வேண்டும். அன்றி நீக்குதல் வேண்டும். ஒன்று நீண்டு நிற்க, மற்றொன்று குறுகியொலித்தல் நன்று. கீழ்ச்சுரம் ஒன்றற்கே உரியதாகுக. குரல் நிற்கும்போது கருவி எழுக. குரல் எழும்போது கருவி அடங்குக. ஓசைகளை இடம் வலமெனப் பிரித்தலும் உதவும். ஆயினும் ஒற்றை ஒலிபெருக்கியுடைய கைபேசியில் அப்பிரிவு மறையுமாதலின், அதனை மட்டும் நம்புதல் தகாது.

வீட்டில் ஆக்கிய இசைக்குச் செழுமை வேண்டாவோ எனின், நிறைவு வேறு, நெருக்கம் வேறு என்க. ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் இல்லத்தையொட்டி அமைத்த சிறு கூடத்தில் உருவானதே 1992இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை. அதன்கண் மின்னோசைகள் பலவாயினும், கீழ்ச்சுரமும் தாளமும் குரலும் தத்தம் இடத்தில் நிற்றலின், சொல் மறையவில்லை.

இந்நெறி தமிழுக்குப் புதியதன்று. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையேயுள்ள காரைதீவிற் பிறந்தவர் விபுலானந்த அடிகள். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. குழலின்வழி யாழும், யாழின்வழித் தண்ணுமையும் நின்ற முறையை அக்காதை உரைக்கின்றது. குறைந்தவிடத்தை நிரப்புதலும் மிகுந்தவிடத்தை அடக்குதலும் தண்ணுமையாசிரியன் கடன் என்பது உரை மரபு. இன்றைய வீட்டிசையாளர் முதலாவதனை நன்கு கற்றுள்ளனர். இரண்டாவதனையும் கற்பாராயின், அக்கரையோரக் கவியின் சொல் மின்னிசையினூடும் பிழைத்திருக்கும்.