நாட்குறிப்பும் ஆங்கில எழுத்தும்

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழில் பாடம் கேட்டு, ஓசூர்த் தொழிற்சாலைகளின் வாயிலில் வேலை தேடி நிற்கும் பருவத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரியுமா என்று வினவப்படுகிற பிள்ளைகள் உத்தனப்பள்ளி வட்டாரத்தில் அநேகர். பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் அவர்கள் தயங்கி நிற்பதற்குப் புத்திக்குறைவு காரணமன்று. கைடிலுள்ள கட்டுரையையும் கடிதத்தையும் உருப்போட்டுத் தேர்வுத்தாளில் இறக்கி வைத்ததைத் தவிர, தம் மனத்தில் தோன்றிய ஒன்றை அப்பாஷையில் தாமே எழுதிப் பார்க்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. மாணவர் நாள்தோறும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதும் பயிற்சி இக்குறைக்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவதால், அதன் குணதோஷங்களை ஆராய்வது அவசியமாகிறது.

இப்பயிற்சியின் சிறந்த வடிவத்தை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த லெஸ்லி ரீட் கையாண்டார். மாணவர் எழுதியதற்கு மதிப்பெண் இடாமல், சிவப்பு மையால் கோடிடாமல், ஒவ்வொரு நோட்டிலும் அவர் தம் கைப்பட மறுமொழி எழுதினார். மாணவன் பிழையாக எழுதிய தொடரே ஆசிரியையின் பதிலில் திருத்தமான உருவத்தோடு அவன் கண்ணில் பட்டது. 1979–80-இல் ஜானா ஸ்டேட்டன் என்பவர் இம்முறையை ஆராய்ந்து எழுதிய பின், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போரிடையே இது பரவிற்று. அதே காலத்தில், நமக்கு அருகிலுள்ள பெங்களூரில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பரிசோதனையும், இலக்கண விதிகளை முன்னிறுத்தாமல் பொருளில் சிந்தை செல்லும்படி செய்தால் மொழி தானே படியும் என்ற நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டது. எழுதினால் அடி விழும் என்ற பயம் நீங்கிய இடத்தில்தான் எழுத்து தொடங்குகிறது என்பதால், நாட்குறிப்பின் தலையாய நன்மை தைரியம் என்று நான் கருதுகிறேன். இப்பிரதேசத்துப் பிள்ளைக்கு அது அற்ப லாபமன்று.

ஆயினும் தைரியம் வேறு, மொழித்திறன் வேறு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1921 டிசம்பர் முதல் மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது ஆங்கிலத்திலேயே நாட்குறிப்பு எழுதினார். இதனைச் சான்று காட்டி நாட்குறிப்பால் ஆங்கிலம் வளரும் என்பாருண்டாயின், அவர்கள் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக் கொள்கிறார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, சேலத்தில் வக்கீல் தொழிலில் தேர்ந்த பின்னரே அவர் அந்நோட்டைத் திறந்தார். உள்ளே சேர்ந்திருப்பதைத்தான் நாட்குறிப்பு வெளியே கொணரும். பாடநூலைத் தவிர வேறோர் ஆங்கிலப் புத்தகத்தைத் தொட்டறியாத மாணவனிடம் அதைக் கொடுத்தால், காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குச் சென்றேன் என்ற மூன்று வாக்கியங்களே ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரும். கூடவே அவற்றிலுள்ள பிழைகளும் அப்பியாசத்தால் உறுதிப்படும்.

பிழை திருத்துவதா வேண்டாவா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. 1996-இல் ஜான் டிரஸ்காட் இலக்கணத் திருத்தம் பயனற்றது மட்டுமன்றித் தீங்கும் செய்யும் என்றார். 1999-இல் டேனா ஃபெரிஸ், தெளிவாகவும் தேர்ந்தெடுத்தும் செய்யப்படும் திருத்தத்தை அவ்வாறு ஒதுக்குவது அவசரம் என்று மறுத்தார். என் அபிப்பிராயத்தில், நோட்டைத் தொடாமல் விட்டு, பலரும் செய்யும் ஒரு பிழையை மட்டும் எடுத்து, எவர் பெயரையும் சொல்லாமல் கரும்பலகையில் விளக்குவதே இரு சாராரின் கருத்துக்கும் இடம் தரும் வழி. விஷயப் பஞ்சத்துக்கும் மருந்து பக்கத்திலேயே இருக்கிறது: இராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை விழுந்த நாள், ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடில், விடியுமுன் வரும் கம்பெனிப் பஸ், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் கேட்கப்பட்டபோது வீட்டில் நடந்த பேச்சு ஆகியவற்றைப் பற்றி எழுதச் சொன்னால், உருப்போட்ட வாக்கியம் எதுவும் அங்கே உதவாது.

ஆசிரியரின் காலம் என்ற தடையையும் மறைத்தல் தகாது. நாற்பது நோட்டுக்கு ஐந்து நிமிஷம் வீதம் இருநூறு நிமிஷம், அதாவது மூன்றேகால் மணிக்கு மேல் ஆகும். இதை நாள்தோறும் செய்ய மனிதரால் இயலாது. வாரத்துக்கு எட்டு நோட்டு என்று முறை வைத்துச் சிரத்தையோடு பதில் எழுதுவது, நாற்பதிலும் கையெழுத்திட்டுத் திருப்புவதைவிட மேலானது.

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் வேறொன்று. மனம் திறந்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் உண்மையாகவே எழுதிவிடுவார்கள். குழந்தை மணம் இன்னும் ஒழியாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு பெண் தனக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் எழுதினால், ஆசிரியர் அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதா? 1098 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டிய கடமை அப்போது அவருக்கு வந்துவிடுகிறது. ஆகையால் எதை இரகசியமாகக் காப்பேன், எதைக் காக்க முடியாது என்பதை முதல் நாளே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். பிறர் பார்க்கலாகாத பக்கத்தை மடித்துவைக்கும் உரிமையையும் தர வேண்டும். மடித்த பக்கத்தைத் திறவாத நாணயம் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு பாடவேளையும், வகுப்பு மூலையில் எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் சிலவும், பதில் எழுத மனமுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் உத்தனப்பள்ளியில் இதைத் தாராளமாகத் தொடங்கலாம். அந்நோட்டையும் மதிப்பெண் பட்டியலில் சேர்ப்பதாயிருந்தால், தொடங்காமலிருப்பதே நலம்.