சாதியற்ற கூட்டிசையும் நெல்லை வில்லிசையும்: 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் அரசியல் பாடல்கள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, கானாவையும் பறையையும் ராக், ராப் இசைகளோடு இணைத்துச் சாதியெதிர்ப்புப் பாடல்களை வழங்கியது. அக்குழுவின் சாதனையையும் எல்லையையும் தாமிரபரணிப் பகுதியின் வில்லுப்பாட்டு மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எதிர்ப்புப் பாடல் யாருடைய கையில் இருக்கிறது என்பதே இதன் மைய வினா.

திறவுச்சொற்கள்: கானா, பறை, பங்க் இசை, வில்லுப்பாட்டு, முத்துப்பட்டன் கதை, சாதியெதிர்ப்பு.

முன்னுரை

பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடி மாவட்டத்திற்குச் சென்ற சாத்தான்குளம், கொடை விழாக்களில் வில்லிசை ஒலிக்கும் நிலப்பகுதியைச் சார்ந்தது. 2020 ஜூன் மாதம் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த நிகழ்வால் இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. வன்முறையில் மாண்டவரைப் பாட்டில் நிறுத்திவைக்கும் மரபு கொண்ட ஒரு பகுதியிலிருந்து நோக்கும்போது, சென்னையில் தோன்றிய இக்குழுவின் இசை வேறொரு பொருள் பெறுகிறது.

குழுவின் தோற்றமும் பெயரும்

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 19 கலைஞர்களோடு 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சபாக்களின் கச்சேரிக் காலமான மார்கழியில் திறந்த வெளியில் கானா ஒலித்ததே ஓர் அரசியல் கூற்றாக அமைந்தது.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெறப்பட்டது. சாதியைக் குறிப்பிடாமல் வாழ இயல்வது ஆதிக்க சாதியினரின் சலுகை என்று சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் வாதிட்டார். இக்குழு அச்சொல்லைத் தலைகீழாக்குகிறது. இட ஒதுக்கீட்டை வெளிப்படையாகப் பேசும் 'கோட்டா' பாடலைப் பாடுவோர் தம்மைச் சாதியற்றோர் என அழைக்கும்போது, அச்சொல் அடைந்துவிட்ட நிலையைச் சுட்டாமல் ஒரு கோரிக்கையாகிறது.

பங்க் இசையோடு ஒப்புமையும் வேற்றுமையும்

பிரித்தானியாவில் 1976இல் தொடங்கிய 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பங்க், ரெக்கே குழுக்களை இனவெறிக்கு எதிராக ஒரே மேடையில் நிறுத்தியது. வெளிப்படையான அரசியல், தெருமொழி, கூட்டுக்குரல் ஆகியவற்றில் தமிழ்க் குழு அதனோடு ஒப்புமை உடையது. ஆனால் வேற்றுமையே ஆழமானது. பங்க் கலைஞர்கள் இசைத்தேர்ச்சி தேவையில்லை என்பதையே எதிர்ப்பாக்கினர். கானாப் பாடகரிடமும் பறைக் கலைஞரிடமும் தேர்ச்சி இருந்தது. அதனைக் கலை என ஏற்க மறுத்தது சமூகமே. எனவே இங்கு எதிர்ப்பு என்பது தேர்ச்சியைத் துறப்பதன்று, அதற்குரிய மதிப்பைக் கோருவதாகும்.

தாமிரபரணிக் கரையின் முன்மரபு

கானா சாவு வீட்டோடு நெருங்கியது. வில்லுப்பாட்டும் கொலையுண்டோரின் கதைகளைப் பெரிதும் பாடுவது. பாபநாசம் மலைப்பகுதியோடு தொடர்புடைய முத்துப்பட்டன் கதையில், அந்தணனான பட்டன் அருந்ததியர் சகோதரியர் இருவரை மணந்து, மாமனாரின் ஆநிரை காக்கப் போரிட்டு மடிகிறான், பின்னர்த் தெய்வமாகிறான். பிற்கால வடிவங்களில் அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே என்னும் திருத்தம் நுழைந்ததை நா. வானமாமலை எடுத்துக்காட்டியுள்ளார். கதை தொடர்ந்து பாடப்பட்டது. அதன் கூர்மை மட்டும் மழுக்கப்பட்டது. தெய்வமாக்கலும் குற்றவுணர்வைத் தணிக்கும் வழியாகலாம். கலெக்டிவின் பாடல்கள் இத்தணிப்பை மறுக்கின்றன. அவை இழப்பை வழிபாடாக மாற்றாமல் உரிமை வழக்காக முன்வைக்கின்றன. இதுவே அவற்றின் தனிச்சிறப்பு.

பாடலின் உரிமை

எனினும் மழுக்கப்படும் இடர் இக்குழுவினர்க்கும் நேர்ந்தது. குழுவின் பாடகர் அறிவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளியான தம் பாட்டியின் நினைவிலிருந்து உருவாக்கிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டையில் அறிவு இடம்பெறாததை இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னரே அறிவுக்குத் தனி இணைய அட்டை வந்தது. கதையில் பெண்களின் சாதி மாற்றப்பட்டதும் அட்டையில் ஆசிரியன் விடுபட்டதும் ஒரே செயலின் இரு வடிவங்கள்: பாடலை ஏற்று, பாடியவரை அகற்றுதல்.

குழுவுக்குள்ளும் குறைகள் உண்டு. தொடக்கக் குழுவில் இசைவாணி ஒருவரே பெண். கூட்டுப் பெயரில் பிறந்த இசை தனிக் கலைஞர்களின் புகழாகப் பிரிந்தபோது, கூட்டுரிமை பற்றிய வினா விடையின்றி நிற்கிறது. பாடல்களின் நிலவெளியும் பெரிதும் வடசென்னையே. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணியில் காவல்துறைத் தாக்குதலின்போது 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். தேயிலைத் தோட்டத்து மூதாட்டியின் குரல் உலகெங்கும் ஒலித்த அளவுக்கு, இந்த ஆற்றங்கரையின் தேயிலைத் துயரம் பாடலாகி ஒலிக்கவில்லை.

முடிவுரை

கானாவும் பறையும் அரசியல் இசையாக மையமேடை ஏற முடியும் என்பதை 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' நிறுவியது. வில்லுப்பாட்டின் வரலாறு அதற்கு ஓர் எச்சரிக்கை: பாடல் பிழைப்பதால் மட்டும் அதன் எதிர்ப்பு பிழைப்பதில்லை. பாடியவர் பெயரும் பாடப்பட்டோர் பெயரும் சேர்ந்து நிலைக்கும்போதே அது நிலைக்கும். ஆகவே இத்தகைய பாடல்களை ஆராய்வோர் சொல்லையும் இசையையும் போலவே, அவற்றின் ஆசிரியவுரிமையையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.