விளைவைக் கொண்டு தீர்மானத்தை எடைபோடலாமா?



ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் அறிவாளியாவது மிகவும் சுலபம். "அந்தப் பந்தைத் தூக்கி அடித்திருக்க வேண்டும்", "அந்த ஓர் ஓட்டத்தை எடுத்திருக்கவே கூடாது" என்று தேநீர்க் கடையிலும் பத்திரிகையிலும் தீர்ப்புகள் குவிகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஒரு சான்றைத்தான் நம்பியிருக்கின்றன. கடைசியில் என்ன நடந்தது என்பதே அந்தச் சான்று. இவ்வாறு தீர்ப்புச் சொல்லும் முறை அறிவியலுக்கு ஒத்ததுதானா? நம் மாநிலத்தில் நடந்த புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

சேப்பாக்கத்தின் கடைசி ஓவர்

1986ஆம் ஆண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் போட்டியில் மோதின. ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்திரேலியத் தலைவர் ஆலன் பார்டர், முதல் நாள் மாலையில் நின்ற எண்ணிக்கையிலேயே தம் அணியின் இரண்டாவது இன்னிங்ஸை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். இந்தியா 87 ஓவர்களில் 348 ஓட்டங்கள் எடுக்க வேண்டும். அதாவது ஓவருக்குச் சரியாக நான்கு.

கவாஸ்கர் 90 ஓட்டங்கள் எடுத்தார். மாலையில் விக்கெட்டுகள் சரிந்தன. கடைசி ஓவரைக் கிரெக் மாத்யூஸ் வீச வந்தபோது இந்தியா 9 விக்கெட் இழப்புக்கு 344. வெற்றிக்கு நான்கு ஓட்டங்கள் தேவை. மட்டை பிடித்து நின்றவர் ரவி சாஸ்திரி. எதிர்முனையில் பதினோராவது ஆட்டக்காரர் மணீந்தர் சிங். முதல் பந்தில் ஓட்டமில்லை. இரண்டாவது பந்தில் இரண்டு ஓட்டங்கள். மூன்றாவது பந்தில் சாஸ்திரி ஓர் ஓட்டம் எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்தார். நான்காவது பந்தை மணீந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து அவர் காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். ஒரு பந்து மீதமிருக்க, 347க்கு இந்தியா முழுவதும் ஆட்டமிழந்தது. டெஸ்ட் வரலாற்றில் 1960ஆம் ஆண்டு பிரிஸ்பேன் போட்டிக்குப் பிறகு சமனில் முடிந்த இரண்டாவது ஆட்டம் இது.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த சாஸ்திரி அந்த ஓர் ஓட்டத்தை எடுத்து, கடைசி ஆட்டக்காரரைப் பந்துக்கு முன்னால் நிறுத்தலாமா என்ற வாதம் அன்றே எழுந்தது. இன்னும் ஓயவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மூன்றாவது பந்தை அடித்ததும் சாஸ்திரியின் முன் இரு வழிகள் இருந்தன.

முதல் வழி, ஓட்டத்தை மறுத்துத் தாமே பந்தைச் சந்திப்பது. மீதி மூன்று பந்துகள். வெற்றிக்கு இரண்டு ஓட்டங்கள் தேவை. ஆனால் அவர் ஆட்டமிழந்தால் இந்தியாவுக்கு ஓர் ஓட்டத்தில் தோல்வி.

இரண்டாம் வழி, ஓட்டத்தை எடுத்துவிடுவது. அதே மூன்று பந்துகள்; மணீந்தர் ஒரே ஓர் ஓட்டம் எடுத்தால் போதும். அவர் ஆட்டமிழந்தாலும் தோல்வி கிடையாது. தோல்வி என்னும் கதவே அடைபட்டுவிடுகிறது. மறுநாள் தீர்ப்புச் சொன்னவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை.

இப்போது சில எண்களை அனுமானமாக எடுத்துக்கொள்வோம். இவை ஏட்டிலிருந்து எடுத்தவை அல்ல. வழி காட்டுவதற்கு மட்டுமே. ஒரு பந்தில் சாஸ்திரி இரண்டு அல்லது அதற்கு மேல் ஓட்டங்கள் எடுக்கும் நிகழ்தகவு பத்தில் மூன்று. ஆட்டமிழக்கும் நிகழ்தகவு பத்தில் ஒன்று. மீதி ஆறும் பலனற்ற பந்துகள். மணீந்தர் ஓர் ஓட்டமேனும் எடுக்கும் நிகழ்தகவு பத்தில் இரண்டு; ஆட்டமிழப்பது பத்தில் இரண்டு; பலனற்றவை ஆறு.

இதே நிலையில் ஆயிரம் ஆட்டங்கள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முதல் வழியில் முதல் பந்திலேயே 300 ஆட்டங்கள் வெற்றி, 100 தோல்வி, மீதி 600. அடுத்த பந்தில் அந்த 600இல் 180 வெற்றி, 60 தோல்வி, மீதி 360. கடைசிப் பந்தில் 108 வெற்றி, 36 தோல்வி. மீதி 216 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிகின்றன. மொத்தம் 588 வெற்றி, 196 தோல்வி.

இரண்டாம் வழியில் இதே முறைப்படி 200, 120, 72 எனக் கூட்டினால் 392 வெற்றி. தோல்வி பூஜ்யம். மீதி 608 ஆட்டங்களிலும் இரு அணிகளும் சமம்.

வெற்றிக்கு ஒரு மதிப்பெண், சமநிலைக்கு அரை மதிப்பெண் என்று கொடுத்துப் பாருங்கள். முதல் வழிக்கு 588உடன் 108 சேர்ந்து 696. இரண்டாம் வழிக்கு 392உடன் 304 சேர்ந்து அதே 696! இந்த அனுமானங்களின்படி இரு வழிகளும் சம எடை கொண்டவை.

மணீந்தரின் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான், ஆட்டமிழக்கும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று நீங்கள் கருதினால் இரண்டாம் வழியின் மதிப்பு 598ஆகக் குறைகிறது. அப்போது சாஸ்திரி செய்தது தவறு. ஆக, சாஸ்திரியைக் குறை கூற விரும்புகிறவர் இரண்டில் ஒன்றை நிறுவ வேண்டும். மணீந்தரின் வாய்ப்பு பத்தில் இரண்டுக்கும் குறைவு என்று காட்ட வேண்டும். அல்லது, தோல்வியைப் பற்றிக் கவலையில்லை, வெற்றி ஒன்றே பெரிது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது பந்தில் மணீந்தர் ஆட்டமிழந்தார் என்பது இவற்றுள் எதற்கும் சான்றாகாது. பத்துச் சீட்டுகளில் ஒன்றை உருவிவிட்டு, பெட்டியில் இருந்தவை எல்லாம் அதே நிறம் என்று சொல்வதைப் போன்றது அந்த வாதம்.

கடல் கடந்த ஒரு சான்று

இதற்கு நேர்மாறான தீர்மானம் ஒன்றையும் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்து நம்முடையதன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 1984ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், மியாமியில் நடந்த ஆரஞ்சு பவுல் போட்டியில் நெப்ராஸ்கா அணி, ஆட்டம் முடிய 48 விநாடிகள் இருக்கையில், 31க்கு 30 என்று மியாமி அணியை நெருங்கியது. அடுத்ததாகப் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் ஒரு புள்ளி. பெரும்பாலும் தவறாத வாய்ப்பு. ஆட்டம் சமனாகும். பந்தை எல்லைக் கோட்டுக்குள் கொண்டு சேர்த்தால் இரண்டு புள்ளி; வெற்றி. அக்காலத்தில் அவ்வாட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணிக்குச் சமநிலையே பட்டத்தைத் தந்திருக்கும் என்று பலரும் கருதினர். ஆயினும் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்கே முயன்றார். எறிந்த பந்து தட்டிவிடப்பட்டது. நெப்ராஸ்கா தோற்றது.

தோற்ற ஆஸ்போர்னை வீரர் என்று போற்றியவர்கள் பலர். தோற்காத சாஸ்திரியைக் கோழை என்று தூற்றியவர்களும் உண்டு. இரண்டு தீர்ப்புகளும் மனிதரின் குணத்தை அளக்கின்றன, கணக்கைத் தொடவில்லை. ஆஸ்போர்னிடம் கேட்க வேண்டிய கேள்வி எளியது. இரண்டு புள்ளி முயற்சி பத்தில் ஐந்து முறைக்கு மேல் பலிக்குமா? பலிக்காது என்றால், சமநிலையை அரை வெற்றிக்கும் குறைவாக அவர் மதித்தார் என்று பொருள். அப்படி மதிக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அது கணக்கன்று, விருப்பம்.

உப்பளத்திலும் இதே கேள்வி

விளையாட்டுதானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? மரக்காணம் உப்பளக் கரையில் வாழ்பவர்களுக்கு இது வயிற்றுப் பாடு. ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் உப்புப் பருவம், வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது முடிகிறது. செப்டம்பர் கடைசியில் ஒவ்வொரு பாத்தியும் ஒரு கடைசி ஓவர்தான். இன்றே உப்பை வாரி வரப்பில் குவிப்பதா, இன்னும் இரண்டு நாள் வெயிலில் விட்டால் கூடுதலாக விளையுமே என்று காத்திருப்பதா?

இழப்பின் அளவைப் பாருங்கள். 100 கிராம் தூய நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 லிட்டர் நீர், 3.6 கிலோ உப்பு வரை கரைக்க வல்லது. இரண்டு நாள் விளைச்சலின் ஆதாயம் ஒரு தட்டில். மழை வரும் வாய்ப்பும் அதன் இழப்பும் மறு தட்டில்.

காத்திருந்தவர் பாத்தியில் மழை கொட்டிவிட்டால் ஊர் அவரைப் பேராசைக்காரர் என்கிறது. மழை தவறிவிட்டாலோ, முன்னதாக வாரியவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறது. வானிலை அறிக்கையைக் கேட்டு, காற்றின் திசையைப் பார்த்து, கணக்குப் போட்டுக் காத்திருந்தவரும், ஒன்றும் பாராமல் சோம்பலால் காத்திருந்தவரும் ஒரே மழையில் ஒரே பெயரை வாங்குகிறார்கள். இத்தகைய பேச்சுக்கு அஞ்சி, அடுத்த ஆண்டு நல்ல தீர்மானத்தைக் கைவிடுகிறவர் உண்மையாகவே நட்டமடைகிறார். அவருக்கு அந்த நட்டத்தைத் தேடித் தந்தது மழையன்று, நம் தீர்ப்பு.

அப்படியானால் விளைவுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஒன்றுக்கன்று, பலவற்றுக்கு. இருபது ஆண்டுகளில் செப்டம்பர் கடைசி வாரத்தில் எத்தனை முறை மழை பெய்தது என்று குறித்து வைத்தால், அந்த எண் அடுத்த தீர்மானத்தைத் திருத்தும். ஒரே ஒரு மாலைப் பொழுது எதையும் திருத்தாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

மாணவர்களே, பத்துத் துண்டுக் காகிதங்களை எடுங்கள். இரண்டில் "ஓட்டம்", இரண்டில் "அவுட்", ஆறில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் குலுக்குங்கள். மூன்று முறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். "ஓட்டம்" வந்தால் வெற்றி, "அவுட்" வந்தால் சமன். எது முதலில் வந்தாலும் அத்துடன் அந்த ஆட்டம் முடிந்தது. ஐம்பது ஆட்டங்கள் ஆடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இருபதில் மணீந்தர் வென்றிருப்பார். சேப்பாக்கம் கண்டது அந்த ஐம்பதில் ஒன்றை மட்டுமே.