முத்தின சேவலும் மூணு விசிலும்

பிரெஞ்சு நாட்டுப்புறச் சமையலை வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்லித் தருகிற குறிப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? பத்திரிகை இணைப்பாகட்டும், டி.வி. ஷோவாகட்டும், முதல் வரியிலேயே உங்களைக் கடைக்குத் துரத்திவிடுவார்கள். ஆலிவ் ஆயில், தைம் இலை, பேர்ல் ஆனியன், ரெட் ஒயின்... நாகல் நகரில் எந்த மளிகைக் கடையில் போய்க் கேட்பீர்கள்? சென்னையிலிருந்து வரவழைத்தாலும், பி.காம். படித்த புத்தி முதலில் பில்லைத்தான் கூட்டிப் பார்க்கும். ஒரு குழம்புக்கா இவ்வளவு?

ஆமாம் சார், குழம்புதான். அதைத்தான் இந்தக் குறிப்புகள் உங்களிடமிருந்து மறைக்கின்றன.

பர்கண்டி பக்கத்து 'கோக் ஓ வான்' என்ன தெரியுமா? கூவி ஓய்ந்துபோன கிழச் சேவல். கறி ரப்பர் மாதிரி இருக்கும். அதை மெத்தென்று ஆக்க, உள்ளூரில் கிடைத்த ஒயினை ஊற்றி மணிக்கணக்காக வேகவைத்தார்கள். மார்செய் துறைமுகத்து 'பூயாபேஸ்', விலை போகாத முள் மீனை மீனவர்கள் கொதிக்க வைத்த கதை. தெற்கே துலூஸ் பக்கம் 'கஸூலே'. மண் சட்டியில் வெள்ளை பீன்ஸும் கொழுப்புக் கறியும். அந்த பீன்ஸே அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்ததுதான், நம்ம தக்காளி மாதிரி. எல்லாமே கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றிய சாப்பாடு. அதைப் போய் 'வாங்க வேண்டிய பொருட்கள்' பட்டியலாக மாற்றினால், ருசி இருக்கட்டும், விஷயமே தலைகீழாகிவிடுகிறதே!

2007-ல் வந்த 'ராட்டடூயி' படத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பத்து தடவை பார்த்திருப்பார்கள். எனக்கும் பிடித்த படம். ஆனால், ஒரு உறுத்தல். சிடுமூஞ்சி விமர்சகருக்கு ஒரு வாய் சாப்பிட்டதும் அம்மா வீடு ஞாபகம் வருகிறது. சரி, தட்டில் என்ன இருக்கிறது? காகிதம் கனத்துக்குச் சீவிய காய் வில்லைகள், வட்டமாக அடுக்கி. மிஷேல் கெரார் என்ற ஓட்டல் சமையல்காரர் 1976-ல் புத்தகத்தில் போட்ட முறை அது. அமெரிக்க ஓட்டல்காரர் தாமஸ் கெல்லர் அதை மாற்றிப் படத்துக்குக் கொடுத்தார். நீஸ் நகரத்து அம்மா எவளாவது கத்தரிக்காயை விசிறி மாதிரி அடுக்கிக்கொண்டு நிற்பாளா? கத்தரி, தக்காளி, வெங்காயம், குடமிளகாய், சுரைக்காய்க்குச் சொந்தக்காரனான ஒரு காய். துண்டு போட்டு, தனித்தனியாக எண்ணெயில் வதக்கி, ஒன்றாகச் சேர்த்து சுண்டவிடுவாள். அவ்வளவுதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு பை நிறைய வாங்கிவிடலாம். சுரைப்பிஞ்சு ஒன்று சேர்த்து.

இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் தாய் 1961-ல் வந்த 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் பிரெஞ்ச் குக்கிங்'. ஜூலியா சைல்ட் இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து எழுதியது. வேலையாள் இல்லாத அமெரிக்க வீட்டுக்காக என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். அங்கே கிழச் சேவல் ஏது? அதனால் கோக் ஓ வானுக்கு இளங்கோழியை எடுத்து அரை மணியில் முடிக்கிறார்கள். அமெரிக்கப் பன்றிக் கொழுப்பில் புகை வாடை அடிக்கும். அதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வாடையைப் போக்கச் சொல்கிறார்கள். தன் ஊர்க் கடையைப் பார்த்து எழுதிய நேர்மையான புத்தகம். என் சண்டை, அதை அப்படியே காப்பியடித்து நமக்குத் தருகிறவர்களோடுதான். நம்ம ஊரில் முத்தின நாட்டுச் சேவல் கிடைக்கிறது. திண்டுக்கல் மண்டி முழுக்கச் சின்ன வெங்காயம். இவர்களோ 'பிராய்லர் ஒரு கிலோ, பேர்ல் ஆனியன் 12' என்று எழுதுகிறார்கள். அசலுக்குப் பக்கத்தில் இருக்கிற நம்மைக் கையைப் பிடித்து நகலுக்கு இழுத்துப் போகிறார்கள்!

பாண்டிச்சேரிக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யவில்லை. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கைமாற்றும் வரை, ஏன் அதற்குப் பிறகும், அந்த வீடுகளில் ராகூ என்றால் இஞ்சி, பூண்டு, பட்டை வாசனையோடுதான். பூயாபேஸில் வங்காள விரிகுடா மீன். பதிலுக்கு நம்ம வடகம் கப்பலேறி 'வாடூவான்' ஆகி, இன்று வெளிநாட்டு ஓட்டல்களில் பெரிய மனுஷத் தோரணையோடு உட்கார்ந்திருக்கிறது. நாகல் நகருக்கும் இது புரியாத வித்தை இல்லை. குஜராத் பக்கமிருந்து எப்போதோ கிளம்பி வந்த சௌராஷ்டிரக் குடும்பங்கள், பாஷையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளூர்ச் சந்தைக் காயில் சமைக்கிற ஊர்தானே?

இன்னொரு அதட்டல்: 'மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவிடவும். குக்கர் கூடாது.' அந்த ஊர்க் குளிருக்கு அடுப்பு நாள் முழுக்க எரிந்தது, சட்டி ஓரமாகக் கிடந்தது, செலவில்லை. நமக்கு 14.2 கிலோ சிலிண்டர். யார் கொடுப்பது? பிரஷர் குக்கருக்கு மூதாதையான பாத்திரத்தை 1679-லேயே செய்து காட்டியவர் தெனி பாப்பேன், சுத்தமான பிரெஞ்சுக்காரர். தைரியமாக விசில் விடுங்கள்.

ஒயின் இல்லாமல் கோக் ஓ வான் செய்வதாகச் சொல்லாதீர்கள், அது போங்கு. லியோன் நகரத்து வினிகர் கோழி இருக்கிறது, அதற்குப் போங்கள். நாட்டுக்கோழி ஒரு கிலோ, வெண்ணெய் 50 கிராம். வெண்ணெய் கருகாமலிருக்க ஒரு ஸ்பூன் எண்ணெய். துண்டுகளை நன்றாகச் சிவக்க விடுங்கள். அவசரப்பட்டால் இங்கேயே எல்லாம் போச்சு. தோலோடு பத்துப் பூண்டு, கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் விசேஷம். 100 மில்லி வினிகர் ஊற்றி, மூக்கை எரிக்கிற நெடி அடங்கிப் பாதியாகச் சுண்டும் வரை காத்திருங்கள். வெள்ளை சின்தெடிக் வினிகர் வேண்டாம், பழத்தில் செய்தது. அலுமினியக் குக்கரும் வேண்டாம். புளிப்புக்கு ஆகாது, எவர்சில்வர்தான். நறுக்கிய நாலு தக்காளி, உப்பு, மிளகு, ஒரு டம்ளர் தண்ணீர். மூணு விசில், அப்புறம் சிம்மில் பதினைந்து நிமிஷம். சேவல் ரொம்ப முத்தலென்றால் இன்னும் பத்து. மூடியைத் திறந்து குழம்பைக் கெட்டியாக்கி, இறக்குகிற நேரத்தில் பாலாடை இரண்டு கரண்டி.

நீள ரொட்டிக்கு அலைய வேண்டாம். பரோட்டா நன்றாகவே போகும்.