சுயவிவரமும் சுயவிபரக் கோவையும்

வேலைக்கு அனுப்பும் தாளில் படிப்பும் மதிப்பெண்ணும் எழுதியான பிறகு எந்தக் கூடுதல் சான்றிதழைச் சேர்ப்பது, எந்தச் செயல்பாட்டை விடுவது என்பதில் கோயம்புத்தூருக்கு ஒரு வழக்கம், இலங்கைக்கு வேறொரு வழக்கம். கோவையில் அந்தத் தாளுக்குச் சுயவிவரம் என்று பெயர். பேச்சில் ரெஸ்யூம், பயோடேட்டா. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அது சுயவிபரக் கோவை. கோவைத் தாள் பெரும்பாலும் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழியோடும் கையெழுத்தோடும் முடியும். இலங்கைத் தாளின் அடியில் உறவினரல்லாத இருவரின் பெயரும் முகவரியும் இருக்கும். அங்கே விண்ணப்பதாரரின் வார்த்தையோடு, அவரை அறிந்தவர்களின் வார்த்தையும் கேட்கப்படுகிறது.

கொங்கு நாட்டில் பம்பு, மோட்டார், வார்ப்படம், நூற்பாலை இயந்திரம் ஆகியவற்றைச் சுற்றியே தொழிற்கல்வி வளர்ந்தது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் 1926-இல் தொடங்கியது. 1951-இல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பு உண்டு. அதில் வகுப்பும் தொழிற்சாலையும் மாறிமாறி வரும். இந்த மண்ணில் பட்டறையில் நின்ற நாள்களுக்குத்தான் முதல் மதிப்பு. சாலிட்வொர்க்ஸ் தெரியும், சிஎன்சி புரோகிராம் எழுத வரும் என்று ஒருவர் குறிப்பிட்டால், நேர்காணலில் வரைபடத்தை நீட்டி விளக்கச் சொல்வார்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வருபவரிடம் அளவு அட்டவணையைப் படிக்கச் சொல்வார்கள்.

அரசு வேலைக்குக் கணக்கு வேறு. தட்டச்சில் லோயர், ஹையர் சான்றிதழ்கள் தட்டச்சர் பணிக்கான தகுதியே ஆகும். தமிழ்வழியில் படித்தோருக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 20 விழுக்காடு முன்னுரிமை தருவதால் அந்தச் சான்றையும் விடக் கூடாது. என்.சி.சி. 'சி' சான்றிதழைத் தகுந்த தரத்தோடு பெற்ற பட்டதாரி, ராணுவ அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வில்லாத தனி நுழைவு வழியில் விண்ணப்பிக்கலாம். இவை மூன்றும் கதவைத் திறக்கும் தாள்கள். கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு நாள் உட்கார்ந்ததற்குத் தரும் பங்கேற்புச் சான்றிதழ் எதையும் திறப்பதில்லை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சியும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களும் பயனுள்ளவை; ஆனால் வகுப்பு முழுவதும் ஒரே சான்றிதழை வைத்திருக்கும்போது, அந்தப் பாடத்தைக் கொண்டு என்ன செய்தார் என்ற ஒரு வரிதான் ஒருவரைத் தனித்துக் காட்டும்.

இலங்கையில் பள்ளி வாழ்க்கை தாளை விட்டு எளிதில் நீங்குவதில்லை. சிரேஷ்ட மாணவ முதல்வர், சாரணர், விவாத அணி, கிரிக்கெட் அணி என்பவை வங்கி வேலைக்கான சுயவிபரக் கோவையிலும் வரும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடந்துவரும் 'வடக்கின் பெரும் போர்' துடுப்பாட்டத்தில் ஆடியவர் அதை மறைக்க மாட்டார். பழைய மாணவரின் பிள்ளைக்கு முதலாம் தரத்தில் இடம் கேட்கும்போது, பெற்றோர் அப்பள்ளியில் பெற்ற இணைப்பாட விதானச் சாதனைகளுக்கும் புள்ளி உண்டு. இருபதாண்டுப் பழைய சான்றிதழும் கோப்பில் பத்திரமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். உயர்தரப் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் ஏஏடி, சிமா போன்ற கணக்கியல் பரீட்சைகளில் தேறிய பகுதிகளும் அந்தத் தாளில் ஏறும். முழுத் தகுதி வராவிட்டாலும் அவை இடைவெளியை நேர்மையாக நிரப்புகின்றன.

இரு இடத்திலும் மொழிதான் அதிகம் குறைத்து மதிப்பிடப்படும் வரி. இலங்கையில் 2007-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பின் அரச சேவையில் சேருவோர் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். தமிழருக்குச் சிங்களச் சான்றிதழ் அப்போது நேரடிப் பயன். கோவையில் பலர் சிறுவயதில் தென்னிந்திய இந்திப் பிரச்சார சபையின் பிராத்மிக், மத்யமா எழுதியிருப்பார்கள். அந்தத் தாளால் மட்டும் இன்று பயன் குறைவு. ஆனால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர் நிறைந்த ஆலையில் ஷிப்டு நடத்தும் மேற்பார்வையாளருக்கு இந்தி பேச வருவது பெரிய பலம். 'தொழிலாளரோடு இந்தியில் பேசி வேலை வாங்குவார்' என்று எழுதினால் ஆலைக்காரருக்கு உடனே புரியும்.

இரண்டு வழக்கங்களும் கோவை மாவட்டம் பூலுவப்பட்டி போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் சந்திக்கின்றன. அங்கே வளர்ந்தவருக்குக் குடியுரிமைச் சிக்கலால் அரசுப் பணி அநேகமாக எட்டாது. தட்டச்சுச் சான்றிதழைவிட இயந்திரத்தில் கை பழகியதைச் சொல்லும் வரிக்கே அவருடைய தாளில் எடை அதிகம். அவர் இலங்கை திரும்பினால், ஒன்று முதல் ஏழு மட்டம் வரையுள்ள அந்நாட்டுத் தேசிய தொழிற்தகைமை முறையில், ஏற்கெனவே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி இருக்கிறது. அதற்கு எந்தப் பட்டறையில், எந்த இயந்திரத்தில், எத்தனை ஆண்டு என்ற விவரத்தை இங்கிருக்கும்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.