துணை மதிப்பீடு: கேட்ட தொகையும் கேட்கப்படாத கேள்வியும்

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி அமைக்க மத்திய அரசு 2019 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. கல்லூரி ஒன்றுக்கு மதிப்பீடு ₹325 கோடி. அதில் மாநிலத்தின் பங்கு ₹130 கோடி. அந்த ஆண்டுக்கான தமிழக நிதிநிலை அறிக்கையோ பிப்ரவரி 8ஆம் தேதியே பேரவையில் வைக்கப்பட்டுவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் எழுதி முடித்த கணக்கில் அக்டோபரில் உறுதியான திட்டத்தைத் தேட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டும் இப்படித்தான். 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டா மாவட்டங்களைச் சூறையாடியதோடு நிற்காமல் திண்டுக்கல் மாவட்டத்தையும் கொடைக்கானல் மலையையும் உலுக்கிவிட்டுப் போனது. நிவாரணத்துக்கு உடனடியாக ₹1,000 கோடி ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. மார்ச் மாதத்தில் நிதிநிலை அறிக்கை வாசித்தவர் யாரும் நவம்பர் புயலைக் கணக்கில் எழுதியிருக்க முடியாது.

ஆண்டுக் கணக்குக்கும் ஆண்டின் நடப்புக்கும் இடையே விழும் இந்த இடைவெளிக்கு அரசியலமைப்பு ஒரு வழி வைத்திருக்கிறது. 205ஆவது பிரிவின்படி, ஒதுக்கிய பணம் போதாவிட்டாலோ, முன்பு நினைத்திராத புதுச் செலவு வந்தாலோ அரசு மீண்டும் சட்டமன்றத்துக்கு வந்து கேட்க வேண்டும். நம் பேரவையில் இதற்குத் துணை மதிப்பீடுகள் என்று பெயர்; அதன்மேல் வருபவை துணை மானியக் கோரிக்கைகள். இந்த ஏற்பாடு தேவையா என்பதில் எனக்கு ஐயமில்லை, தேவைதான். கோரிக்கை வந்த பிறகு பேரவை அதை எப்படிப் பரிசீலிக்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது.

முதலில் இதன் வலிமையைச் சொல்ல வேண்டும். ஒரு துறைக்கு வாக்களிக்கப்பட்ட தொகைக்கு மேல் பேரவையின் அனுமதியின்றிச் செலவழிக்கக் கூடாது என்பது மக்களாட்சியின் அடிப்படை விதி. தமிழக நடைமுறை இதில் ஒரு படி மேலே போகிறது. பணம் கையில் இருந்தாலும், செய்யப்போவது ‘புதுப் பணி’ அல்லது ‘புது துணைப் பணி’ என்றால் பேரவையின் ஒப்புதல் வேண்டும். ஒரு துறைக்குள்ளேயே மிச்சமான பணத்தை எடுத்துப் புதுத் திட்டம் தொடங்குவதானாலும், ஓர் அடையாளத் தொகையையாவது கேட்டு அதைப் பேரவையின் பார்வைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். காத்திருக்க முடியாத அவசரச் செலவுக்கு எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுக்கலாம். பிறகு துணை மதிப்பீட்டின் வழியே அந்த நிதிக்கு ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மானிய எண், கணக்குத் தலைப்பு, விளக்கக் குறிப்பு என்று எல்லாம் அச்சாகி உறுப்பினர்களின் மேசைக்கு வருகின்றன. வெள்ளம் வந்த ஊருக்கு நிவாரணமும் தாமதமாகாது, செலவுக்குச் சட்டத்தின் ஆதாரமும் இருக்கும். ஏட்டளவில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு அமைவது கடினம்.

நடப்பில் என்ன ஆகிறது? 2024-25ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முதல் துணை மதிப்பீடுகளை நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2024 டிசம்பர் 9ஆம் தேதி பேரவையில் வைத்தார். தொகை சுமார் ₹3,531 கோடி. அந்தக் கூட்டத்தொடரே டிசம்பர் 9, 10 ஆகிய இரண்டு நாட்கள்தான். முதல் நாளில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானமும் இருந்தது. மதுரை மாவட்ட மக்களின் வாழ்வைத் தொட்ட அந்தத் தீர்மானத்துக்கு நேரம் தரவேண்டியதுதான். ஆனால் முதல் நாள் கையில் கிடைத்த துணை மதிப்பீட்டு நூலை உறுப்பினர் படிக்க இருந்தது ஓர் இரவு மட்டுமே. மறுநாள் விவாதம், பதிலுரை, குரல் வாக்கெடுப்பு, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு என்று எல்லாம் முடிந்துவிட்டன. பல துறைகளின் பல தலைப்புகளில் வரும் ஆயிரக்கணக்கான கோடியை எந்த உறுப்பினராலும் ஓர் இரவில் எடைபோட முடியாது.

அதே நிதியாண்டின் இறுதித் துணை மதிப்பீடுகள் 2025 மார்ச் பிற்பாதியில் வந்தன. தொகை சுமார் ₹19,287 கோடி. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ ₹22,818 கோடி. அதில் நூற்றுக்கு எண்பத்துநான்கு பங்குக்கு மேல், ஆண்டு முடியச் சில நாட்களே இருந்த வேளையில் கேட்கப்பட்டது. ஆண்டின் வருவாய்ச் செலவே ₹3.48 லட்சம் கோடி என மதிப்பிடப்பட்ட மாநிலத்தில் இது சிறு பங்குதானே என்று சொல்லலாம். அதில் ஒரு பகுதி கணக்குச் சரிக்கட்டல் என்பதும் உண்மைதான். ஆனாலும் மார்ச் பிற்பாதியில் வரும் கோரிக்கையில் பெரும்பகுதி இனிச் செய்யப்போகும் செலவைப் பற்றியது அல்ல. செலவாகிவிட்டதற்கும் உறுதி கொடுத்தாகிவிட்டதற்கும் அப்போது ஒப்புதல் கேட்கப்படுகிறது. அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல பேரவைக்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை.

இரண்டாவது குறை, காரணங்கள் ஒன்றாகக் கலந்து வருவது. புயல் நிவாரணமும், முதலில் தவறாகக் கணித்த சம்பளச் செலவும், நடு ஆண்டில் அறிவித்த புதுத் திட்டமும், வேண்டுமென்றே குறைத்துக் காட்டிய மானியத் தொகையும் ஒரே நூலில், ஒரே தொனியில் நிற்கின்றன. புயலை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. ஆசிரியர் எண்ணிக்கையைத் துறை ஏப்ரலிலேயே அறியும். முன்னதைத் தாராளமாக ஏற்கலாம். பின்னதைக் கேட்கும் செயலாளரிடம் ‘ஏன் முதலிலேயே கேட்கவில்லை’ என்று கேட்டாக வேண்டும். விளக்கக் குறிப்புகள் எதற்குப் பணம் என்பதைச் சொல்கின்றன. ஏன் இப்போது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இதோடு பேரவையின் 110ஆவது விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த விதியின் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படிக்கும்போது விவாதம் கிடையாது. இரு கழக ஆட்சிகளும் இதைப் புதுத் திட்டங்களை அறிவிக்கப் பயன்படுத்தியிருக்கின்றன. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு அப்படி அறிவிக்கப்படும் திட்டத்துக்குப் பணம் பின்னர் துணை மதிப்பீட்டில் வருகிறது. அறிவிக்கும்போது விவாதத்துக்கு இடமில்லை, பணம் கேட்கும்போது விவாதிக்க நேரமில்லை. இவ்வாறு ஒரு திட்டம் பேரவைக்குள் இரண்டு முறை வந்தும் ஒருமுறைகூட முறையாகச் சோதிக்கப்படாமல் வெளியே போகலாம்.

மூன்றாவது குறையைத் தணிக்கைத் துறையே ஆண்டுதோறும் எழுதுகிறது. இந்தியத் தணிக்கைத் தலைவரின் மாநில நிதி பற்றிய அறிக்கைகளில் ‘தேவையற்ற துணை ஒதுக்கீடு’ என்ற தலைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. துறை கூடுதல் பணம் கேட்டு வாங்கும். ஆண்டு முடிவில் பார்த்தால் முதலில் கொடுத்த தொகையையே முழுதும் செலவழித்திருக்காது. மிச்சத்தை மார்ச் கடைசியில் ‘சரண்டர்’ செய்யும். அல்லது அதுவும் செய்யாமல் காலாவதியாக விட்டுவிடும். மாவட்ட அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். தாமதமாக வரும் ஒதுக்கீட்டு ஆணை, கருவூலத்தில் குவியும் பில்கள், ‘லேப்ஸ்’ ஆவதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லாம் அவர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் பார்ப்பவை. அவசரத்தில் போடும் தார்ச்சாலையின் தரத்தையும், அவசரத்தில் வாங்கும் கருவியின் பயனையும் பிறகு அனுபவிப்பது வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் இருக்கும் மக்கள்தான்.

தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. அது நல்ல மரபு. ஆனால் செலவு நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே அந்த ஆய்வு வருகிறது. அதற்குள் அதிகாரி மாறியிருப்பார், சில நேரம் ஆட்சியும் மாறியிருக்கும். மதிப்பீட்டுக் குழு மாவட்டம் மாவட்டமாகச் சென்று திட்டங்களைப் பார்வையிடுகிறது. ஆனால் துணை மானியக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு முன் அந்தக் குழுவின் மேசைக்குப் போவதில்லை.

வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்? அண்டை மாநிலமான கேரளத்தில் 1980 முதல் துறைவாரிப் பேரவைக் குழுக்கள் உள்ளன. ஆண்டு மானியக் கோரிக்கைகளை அவை வாக்கெடுப்புக்கு முன் ஆராய்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் துணை ஒதுக்கீட்டுக்கென்றே தனி நடைமுறை வைத்திருக்கிறது. இரு அவைகளையும் சேர்ந்த ஆறு உறுப்பினர்களின் கூட்டு நிதிக் குழு ஒவ்வொரு துறையின் கூடுதல் கோரிக்கையையும் தனித்தனியே பார்க்கிறது. நான்கு காரணங்களில் ஒன்றையாவது துறை காட்ட வேண்டும்: பேரிடர் அல்லது அவசரநிலை, முதல் கணக்கில் நேர்ந்த தொழில்நுட்பப் பிழை, அப்போது கிடைக்காத புதுத் தரவு, எதிர்பாராத நிகழ்வு. கோரிக்கை இந்த அளவுகோலுக்குள் வருகிறதா என்பதைக் குழுவின் ஆய்வாளர்கள் எழுத்தில் சொல்கிறார்கள். அது பொதுமக்கள் படிக்கக் கிடைக்கிறது.

அந்த முறையை அப்படியே இங்கே நட முடியாது. அங்கே ஒரு கோரிக்கையை நிராகரித்தால் அரசு கவிழாது. இங்கே மானியக் கோரிக்கை தோற்றால் அமைச்சரவையே நம்பிக்கையை இழந்ததாகும். கொறடா உத்தரவும் கட்சித் தாவல் தடைச் சட்டமும் ஆளுங்கட்சி உறுப்பினரின் வாக்கைக் கட்டியிருக்கின்றன. ஆகவே நம் பேரவையில் வாக்கை நம்பிப் பயனில்லை. வாக்குக்கு முன் கேட்கும் கேள்விதான் நமக்குள்ள கருவி. மூடிய அறையில், கேமரா இல்லாத குழுக் கூட்டத்தில், ஆளுங்கட்சி உறுப்பினரும் துறைச் செயலாளரைத் துணிந்து கேட்பார். அதற்குக் கட்சி கோபிக்காது.

என் கருத்தில் நான்கு மாற்றங்கள் போதும். எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டாம். துணை மதிப்பீட்டை வைக்கும் நாளுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே குறைந்தது ஒரு வாரம் விட வேண்டும். பேரிடர் செலவு காத்திருக்காது என்ற மறுப்பு இங்கே எடுபடாது. அதற்குத்தான் எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது. அந்த வாரத்தில் பெரிய கோரிக்கைகளையாவது மதிப்பீட்டுக் குழு செயலாளர்களை அழைத்து விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘ஏன் இப்போது’ என்ற காரணத்தை வகைப்படுத்தி எழுத வேண்டும். நான்காவதாக, அதே மானியத்தில் இதுவரை எவ்வளவு செலவானது, சென்ற ஆண்டு எவ்வளவு திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்ற இரண்டு எண்களைப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கருவூலப் பில்கள் இன்று கணினி வழியே போவதால் அந்த எண்கள் அரசின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. சென்ற ஆண்டு பணத்தைத் திருப்பித் தந்த துறை இந்த ஆண்டு கூடுதலாகக் கேட்கிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிட்டால் விவாதத்தின் போக்கே மாறும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் என ஏழு தொகுதிகள். 2021 தேர்தலில் நான்கில் திமுகவும் மூன்றில் அதிமுகவும் வென்றன. உணவுத் துறைக்கு அமைச்சராக ஒட்டன்சத்திரம் அர. சக்கரபாணியும், 2022 இறுதியிலிருந்து ஊரக வளர்ச்சித் துறைக்கு அமைச்சராக ஆத்தூர் இ. பெரியசாமியும் பொறுப்பில் இருந்தார்கள். பணம் கேட்கும் பக்கத்திலும், கேள்வி கேட்க வேண்டிய பக்கத்திலும் ஒரே மாவட்டம் உட்கார்ந்திருந்தது. எந்த ஆட்சியிலும் இப்படி இரு பக்கமும் அனுபவம் உள்ளவர்கள் கட்சி பார்க்காமல் இந்த நடைமுறை மாற்றத்தைக் கேட்க முடியும்; இன்று ஆளுபவர்கள் நாளை எதிர்வரிசைக்குப் போவார்கள் என்பதை அவர்கள் அறிவார்கள்.

துணை மதிப்பீடு தவறான ஏற்பாடு அல்ல. அது இல்லாவிட்டால் புயலுக்குப் பின் பணம் வராது. நடு ஆண்டில் ஒப்புதலாகும் கல்லூரி அடுத்த நிதிநிலை அறிக்கை வரை காத்துக் கிடக்கும். ஆனால் கேள்வியில்லாமல் கிடைக்கும் ஒப்புதல் துறைகளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுத்தருகிறது: முதலில் எப்படியோ ஒரு தொகையை எழுது, மீதியை மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். ‘ஏன் இப்போது’ என்று குழுவின் முன் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தால், அடுத்த ஆண்டின் முதல் மதிப்பீட்டையே செயலாளர்கள் கவனமாக எழுதுவார்கள். பேரவை ஒரு ரூபாயைக்கூட வெட்டாமலே சாதிக்கக்கூடிய சீர்திருத்தம் இது.