அக்சும் நாணயங்களும் சிலுவையின் சாட்சியும்

திருச்சபை வரலாற்று வகுப்புகளிலும் பிரசங்கங்களிலும் அக்சும் அரசின் நாணயங்கள் பெரும்பாலும் வெற்றிச் சின்னங்களாகவே எடுத்துக்காட்டப்படுகின்றன. இன்றைய வட எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் பரவியிருந்த அவ்வரசின் மன்னன் எசானா, நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்துவை ஏற்றான். அவன் நாணயங்களில் இருந்த பிறையும் வட்டமும் நீங்கிச் சிலுவை இடம்பெற்றது. ஆகவே ஒரு நாடு முழுவதும் கிறிஸ்தவமாயிற்று என்பர். முதலிரு கூற்றுகளும் மெய்யே. மூன்றாவது கூற்றுக்கு நாணயங்கள் சான்றாகுமா என்பதே நம் வினா.

மன்னனின் விசுவாசத்தை நாம் ஐயுறவில்லை. தீரு பட்டணத்துப் புருமெந்தியுஸ் அரண்மனையில் பணியாற்றியதையும், பின்னர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் அவரைப் பேராயராகத் திருநிலைப்படுத்தியதையும் ரூபீனுஸ் எழுதியுள்ளார். எசானாவின் முந்திய கல்வெட்டுகள் மாரெம் என்னும் தெய்வத்தைப் போற்றுகின்றன. பிந்தியவை வானத்தின் ஆண்டவரை அறிக்கையிடுகின்றன. ஆயினும் கல்வெட்டும் நாணயமும் அரசனின் குரலே. அவ்விசுவாசம் அரசியலுக்கும் உட்பட்டதாயிருந்தது. புருமெந்தியுஸைத் தம் சார்பினரின் விசாரணைக்கு அனுப்பும்படி பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தந்தியுஸ் ஏறத்தாழ 356இல் எசானாவுக்கு எழுதிய கடிதமே இதற்குச் சான்று.

இனிப் பொற்காசுகளை நோக்குவோம். இவை ஏறத்தாழ 1.6 கிராம் எடையுள்ள சிறு காசுகள். எழுத்து கிரேக்கம். அதூலிஸ் துறைமுகத்தின் வழியாகச் செங்கடல் வாணிகம் நடத்தியவர்களுக்கு அம்மொழி பழக்கமானது. எனவே காசின் சிலுவை, உள்நாட்டு உழவனைவிட வெளிநாட்டு வணிகனையும் கிறிஸ்தவ உரோமையையும் நோக்கியே முதலாவது பேசிற்று எனக் கொள்வது பொருந்தும். காசின் இரு புறமும் தானியக் கதிர்களிடையே நடுவில் நிற்பது அரசனின் உருவம். சிலுவைக்குக் கிடைத்த இடமோ விளிம்பெழுத்துகளின் இடையே. வரிக்காசின் உருவத்தையும் எழுத்தையும் குறித்து நம் ஆண்டவர் வினவியதை (மாற்கு 12:16) இங்கும் வினவுதல் தகும்.

செப்புக்காசுகள் வேறுவகையாய்ப் பேசுகின்றன. மெகாதேயிஸ் என்னும் அரசனின் காசு, சிலுவையினால் வெற்றி உண்டாகும் என நாட்டு மொழியாகிய கீஸில் கூறுகிறது. கொன்ஸ்தந்தீனின் எதிரொலி இது. அரசன் பெயரே இல்லாத வேறொரு வகையில், சிலுவையைச் சுற்றி, இது நாட்டுக்குப் பிரியமாயிருப்பதாக என்னும் பொருளுடைய கிரேக்க வாசகம் உள்ளது. ‘இது’ என்பது சிலுவையா, காசா? எவ்வாறு கொண்டாலும், ஆள்வோன் மக்களின் இசைவை நாடுகிறான், கட்டளையிடவில்லை. சுவிசேஷத்துக்கு இவ்வாசகமே அண்மையானது என்பது நம் துணிபு. ஆனால் ஊவாசெபாஸ் வெளியிட்ட காசில் இதே வாசகம் இருந்தும், பொன் பூசப்பட்டிருப்பது அரசனின் தலையைச் சுற்றியே. வாசகம் தாழ்மையாய்ப் பேச, பொன்னொளி அரசனைச் சூழ்ந்தது. இம்முரண்பாட்டை மறைத்துக் கூறுவது வரலாற்றுக்கும் இறையியலுக்கும் நன்மை செய்யாது.

ஏழாம் நூற்றாண்டில் அக்சும் நாணயம் அச்சிடுதல் நின்றது. அரசும் பின்னர் மறைந்தது. திருச்சபையோ நின்றுவிடவில்லை. கீஸில் மொழிபெயர்க்கப்பட்ட திருமறையும், துறவு மடங்களின் வாழ்வும், அம்மொழியில் இன்றும் நடைபெறும் வழிபாடும் அந்நாட்டு விசுவாசத்தின் உறுதியான சான்றுகள். அரசனின் மனமாற்றம் கதவைத் திறந்தது. உள்ளே வந்து குடியிருந்தவர்கள் பெயரறியாத மக்களும் ஆசிரியர்களும் துறவிகளுமே.

ஆகவே நம் மாணவர் இக்காசுகளைக் காட்டும்போது, இது அரசன் தன்னைப்பற்றிச் சொன்ன சாட்சி எனத் தெளிவாய்க் கூறுவார்களாக. அதன்பின் அம்மக்கள் எவ்வாறு ஜெபித்தார்கள், எதை வாசித்தார்கள் என ஆராய்வார்களாக. ஆட்சியாளரின் தயவைத் திருச்சபையின் வளர்ச்சியென எண்ணும் சோதனை நம்மிடத்திலும் இருப்பதால், இப்பாகுபாடு நமக்கு மிகவும் தேவையானது.